ஊருணி, கண்மாய், கிளவுட்: எந்த வேலைக்கு எந்த மெஷின்?

[எபிசோடின் எழுத்து வடிவம். பேசியதைப் படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.]

இந்த வாரம் கிளவுட் பத்திப் பேசப்போறோம். கிளவுட்ன்னா என்னங்கிற பாடம் உங்களுக்கு வேண்டாம், அது தெரியும். அக்கவுன்ட் ஓபன் பண்ணினதும் வரும் அந்த நீளமான லிஸ்ட்தான் பிரச்சினை. நூற்றுக்கணக்கான மெஷின்கள், ஒவ்வொண்ணுக்கும் புரியாத ஒரு பேர், பக்கத்தில் மணிக்கு இவ்வளவு என்று ஒரு விலை. இதில் எதை எடுக்கறது?

விலைப்பட்டியலை வைத்துப் பதில் சொன்னால், நீங்க இதைக் கேட்கும்போது அது பழசாகியிருக்கும். அதனால் வரலாற்றை வைத்துச் சொல்கிறேன். இந்த லிஸ்ட்டில் இருக்கும் ஒவ்வொரு வகை மெஷினும், யாரோ ஒருவருக்கு வந்த ஒரு குறிப்பிட்ட வேலைக்காகப் பிறந்தது. அந்த வேலை எதுவென்று தெரிந்தால் லிஸ்ட் தானாகவே சின்னதாகிவிடும்.

ஆறு இல்லாத ஊரின் கணக்கு

எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டை. வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறு எங்க பக்கம் கிடையாது. வெள்ளாறு இருக்கு, ஆனால் மழை பெய்தால்தான் அது ஆறு. அந்த மழையிலும் பெரிய பங்கு அக்டோபரில் இருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மூன்று மாதத்தில் வருவதை வைத்துப் பன்னிரண்டு மாதத்தை ஓட்டணும்.

அதற்கு எங்க ஊர்க்காரங்க ஒரே பெரிய குளமாக வெட்டவில்லை. குடிக்க ஊருணி தனி. அதில் குளிக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது. வயலுக்குக் கண்மாய். கண்மாய்க்குள் கல்லில் குமிழி நட்டு, அடைப்பைத் தூக்கினால் வேண்டிய அளவு மட்டும் வெளியே போகிற மாதிரி செய்தார்கள். கோடைத் தோட்டத்துக்குக் கிணறு. கண்மாய் நிரம்பி வழிந்தால் கலிங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சமஸ்தானத்துக்குத் திவானாக இருந்த சேஷையா சாஸ்திரி, டவுனைத் திருத்திக் கட்டியபோது புதுக்குளத்தையும் பல்லவன் குளத்தையும் சேர்த்தே செப்பனிட்டார். தெருவும் குளமும் அவருக்கு ஒரே கணக்கு.

இதில் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கு. எப்போது வேண்டும்? எவ்வளவு நேரம் வேண்டும்? காத்திருக்க முடியுமா? குடிதண்ணீர் காத்திருக்காது. வயல் நாலு நாள் காத்திருக்கும். இந்த மூணையும் கையில் வெச்சுக்கோங்க, கம்ப்யூட்டருக்குப் போவோம்.

மெஷினுக்காக மனுஷன் காத்திருந்த காலம்

1964-ல் பம்பாயில் இருக்கும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு சிடிசி 3600 என்ற பெரிய கம்ப்யூட்டர் வந்தது. நாட்டின் பல இடங்களில் இருந்த ஆராய்ச்சியாளர்களுக்கு அதுதான் பொதுக் கணினி. 1973-ல் சென்னை ஐஐடியில் ஐபிஎம் 370/155 வந்தது. புதுக்கோட்டை தனி மாவட்டமானது அதற்கு அடுத்த வருஷம், 1974 ஜனவரியில். அன்றைக்கு எங்க மாவட்டத்தில் ஒருத்தருக்குப் பெரிய கணக்கு ஒன்று போட வேண்டியிருந்தால் ரயிலேறிச் சென்னைக்குத்தான் போகணும்.

போனாலும் மெஷின் முன்னால் உட்கார முடியாது. புரோகிராமை அட்டையில் ஓட்டை போட்டு, கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டு வரணும். எல்லார் கட்டும் வரிசையில் நிற்கும். மெஷின் ஒவ்வொன்றாகத் தின்னும். ஒரு எழுத்து தப்பாக இருந்தால் திருத்திவிட்டு மறுபடி வரிசை. இதற்கு பேட்ச் வேலை என்று பேர். மெஷினின் நேரம் விலை உயர்ந்தது, மனுஷன் நேரம் மலிவு, அதனால் காத்திருந்தது மனுஷன்.

இதை மாற்ற வேண்டும் என்று அமெரிக்காவின் எம்ஐடியில் ஏற்கெனவே பேச்சு தொடங்கியிருந்தது. 1961-ல் ஜான் மெக்கார்த்தி, டெலிபோன் மாதிரிக் கணிப்பொறியும் ஒரு நாள் பொதுச் சேவை ஆகலாம், பயன்படுத்திய அளவுக்குக் காசு கட்டலாம் என்று பேசினார். அதே வருஷம் அங்கே ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழு, ஒரே மெஷினைப் பல பேர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டியது. கிளவுடுக்கு விதை அங்கேயே விழுந்துவிட்டது. முளைக்க 45 வருஷம் ஆனது.

காலை பத்து மணி

அதற்கு நடுவில் நம்ம எல்லாருக்கும் தெரிந்த ஒரு வேலை வந்தது: தட்கல்.

ஐஆர்சிடிசி ஆன்லைன் டிக்கெட் 2002-ல் தொடங்கியது. ராத்திரி இரண்டு மணிக்கு அந்த சர்வரிடம் கேட்பார் யாருமில்லை. காலையில் தட்கல் திறக்கும் நிமிஷத்தில் நாடே வந்து கதவைத் தட்டும். 2014-ல் புது சிஸ்டம் போட்டார்கள். நிமிஷத்துக்கு 2,000 டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தது 7,200 வரை கொடுக்கும் என்றார்கள். அதோடு நிற்கவில்லை. 2015-ல் ஏசி டிக்கெட்டுக்குப் பத்து மணி, ஏசி இல்லாததற்குப் பதினொரு மணி என்று நேரத்தையே பிரித்தார்கள்.

இந்த இரண்டாவது முடிவைக் கவனிங்க. மெஷினைப் பெருக்கினால் மட்டும் இது தீராது. வெப் பக்கத்தைக் காட்டுவதற்கு நூறு சர்வர் போடலாம். ஆனால் எஸ்-5 கோச்சில் 32-ம் நம்பர் பெர்த் ஒன்றே ஒன்றுதான். அதை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடக் கூடாது என்றால், கடைசியில் எல்லாரும் ஒரே கணக்குப் புத்தகத்தைத்தான் தொட்டாகணும். அந்தப் புத்தகம்தான் டேட்டாபேஸ். பக்கம் காட்டும் வேலைக்குச் சின்ன மெஷின்கள் நிறைய வேண்டும். டேட்டாபேஸுக்கு ரேம் அதிகமுள்ள, நம்பகமான பெரிய மெஷின் வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை. கூட்டம் தாங்க முடியாதபோது நேரத்தைப் பிரிப்பதும் ஒரு வழி. எங்க ஊரில் வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதும் அதுதான்.

பிளஸ் டூ ரிசல்ட் அன்றைக்கு புதுக்கோட்டை பிரவுசிங் சென்டரில் நானும் நின்றிருக்கிறேன். ரிசல்ட் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும், பின்னால் முப்பது பேர் எட்டிப் பார்ப்பார்கள். வருஷத்தில் அந்த ஒரு காலைக்காக அவ்வளவு சர்வர் வாங்கி வைத்தால் மீதி 364 நாள் அது தூங்கும். வாங்காவிட்டால் அந்த ஒரு நாள் மாட்டிக்கும். சொந்தமாக மெஷின் வாங்கும் காலத்தில் இதற்கு நல்ல பதிலே கிடையாது.

மணிக்குப் பத்து சென்ட்

பதில் 2006-ல் வந்தது. மார்ச்சில் அமேசான் எஸ்3 என்ற சேமிப்பு, ஆகஸ்டில் இசி2 என்ற வாடகை மெஷின். மணிக்குப் பத்து சென்ட். தீபாவளிக் கூட்டம் மாதிரி கிறிஸ்துமஸ் கூட்டத்துக்கு அமேசான் வாங்கிய உபரி சர்வர்களைத்தான் வாடகைக்கு விட்டார்கள் என்று ஒரு கதை சுற்றும். அது கட்டுக்கதை என்று அமேசானின் வெர்னர் வோகல்ஸே சொல்லிவிட்டார்.

அடுத்த வருஷம் நியூயார்க் டைம்ஸ் ஒரு காரியம் செய்தது. 1851 முதலான பழைய இதழ்களின் ஸ்கேன், 4 டெராபைட். 1.1 கோடி கட்டுரைகளை பிடிஎஃப் ஆக்கணும். அங்கிருந்த புரோகிராமர் 100 மெஷின்களை வாடகைக்கு எடுத்தார், ஒரே நாளில் முடித்தார், விட்டுவிட்டார். 100 மெஷின், 24 மணி, பத்து சென்ட்: மெஷின் வாடகை 240 டாலர். ஒரு மெஷினை 100 நாள் ஓட்டியிருந்தாலும் அதே 240 டாலர்தான். அட்டைக்கட்டு வரிசை அன்றைக்கு உடைந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வகை முளைத்தது. 2009-ல் மூன்று. வருஷக்கணக்கில் நிற்காமல் ஓடும் வேலைக்கு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டால் விலை குறையும், அது ரிசர்வ்டு. கூட்டம் வந்தால் மெஷின் எண்ணிக்கை தானே ஏறி இறங்கும், அது ஆட்டோ ஸ்கேலிங். யாரும் எடுக்காமல் கிடக்கும் மெஷின் மலிவு விலைக்கு, அது ஸ்பாட். இன்றைக்கு ஸ்பாட்டில் 90 சதவீதம் வரைகூடத் தள்ளுபடி கிடைக்கும். ஆனால் அவங்களுக்குத் தேவைப்பட்டால் இரண்டு நிமிஷ நோட்டீஸில் பிடுங்கிக்குவாங்க. 2010-ல் ஜிபியு மெஷின். 2012-ல் எப்போதாவது எடுத்துப் பார்க்கும் கோப்புகளுக்குப் பரண் மாதிரி மலிவான கிளேசியர். 2014-ல் மெஷினே எடுக்காமல், புரோகிராம் ஓடுவதற்கு மட்டும் காசு வாங்கும் லாம்ப்டா.

அதே 2014-ல் வந்த டி2 மெஷின்தான் எனக்குப் பிடித்தது. டி2 மைக்ரோ சும்மா இருக்கும்போது மணிக்கு 6 கிரெடிட் சேர்க்கும். ஒரு கிரெடிட் என்றால் ஒரு நிமிஷம் முழு வேகம். அதிகபட்சம் 144 வரை தேங்கும், அதாவது ஒரு நாள் சேமிப்பு. கூட்டம் வந்தால் தேங்கியதைத் திறந்துவிடும். தீர்ந்துவிட்டால் பத்து சதவீத வேகத்தில் நொண்டும். இது கண்மாயேதான். மழை பெய்யும்போது தேக்கி, தேவைப்படும்போது குமிழியைத் திறக்கிறோம். எப்போதும் முழு வேகம் கேட்கும் வேலையை இதில் வைத்தால், ஐப்பசி மழையை நம்பிச் சித்திரையில் நடவு போட்ட மாதிரி ஆகிவிடும்.

ஒரு லட்சம் புத்தகம், நான்கு வேலை

இப்போ இதையெல்லாம் ஒரே இடத்தில் பொருத்திப் பார்ப்போம். புதுக்கோட்டையில் ஞானாலயா என்ற ஆய்வு நூலகம் இருக்கு. பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதி கிருஷ்ணமூர்த்தியும் சொந்தக் காசில், வாழ்நாள் முழுக்கச் சேர்த்தது. ஒரு லட்சம் அளவுக்கு நூல்கள், பல பழைய முதல் பதிப்புகள். பழைய காகிதம் காத்திருக்காது, தொட்டால் உடையும். அந்த அளவுள்ள ஒரு நூலகத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றணும் என்று வைத்துக்கொள்வோம். இனி வரும் எண்கள் என் உத்தேசக் கணக்கு.

முதல் வேலை ஓசிஆர், அதாவது ஸ்கேன் படத்தில் இருந்து எழுத்தை எடுப்பது. புத்தகத்துக்கு 200 பக்கம் என்றால் 2 கோடி பக்கம். பக்கத்துக்கு 3 விநாடி என்றால் ஒரு மெஷினுக்கு 694 நாள். 100 மெஷின் என்றால் ஏழு நாள். யாரும் திரையைப் பார்த்துக் காத்திருக்கவில்லை. ஒரு மெஷின் நடுவில் பிடுங்கப்பட்டால் அந்தப் பக்கத்தை மறுபடி செய்யலாம். இது ஸ்பாட் மெஷினுக்கென்றே செய்த வேலை. இதற்கு முழு விலை கொடுப்பது வீண்.

இரண்டாவது, ஸ்கேன் படங்களை வைப்பது. மூலப் படங்கள் பெரியவை, வருஷத்துக்கு ஒருமுறை எடுத்தாலே அதிகம். அது பரணுக்கு, அதாவது கிளேசியர் மாதிரி மலிவான சேமிப்புக்கு. திரும்ப எடுக்கச் சில மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. வாசகர் பார்க்கும் சின்னப் படங்கள் மட்டும் கைக்கெட்டும் இடத்தில்.

மூன்றாவது, தேடும் வெப்சைட். நாளுக்குச் சில நூறு பேர், விட்டுவிட்டு வருவார்கள். டி2 வகைச் சின்ன மெஷின் போதும். ஆனால் தேடல் அட்டவணை ரேமுக்குள் அடங்கணும், அதனால் சிபியுவைப் பார்க்காமல் ரேமைப் பார்த்து எடுக்கணும்.

நான்காவது, திறப்பு விழா நாள். செய்தியில் வந்து, வாட்ஸ்அப்பில் சுற்றி, ஒரே மாலையில் ஆயிரக்கணக்கில் வருவார்கள். அதற்கு ஆட்டோ ஸ்கேலிங், இல்லையென்றால் மாறாத பக்கங்களை சிடிஎன்னில் வைப்பது. கலிங்கு எதற்கென்று அன்றைக்குத் தெரியும்.

ஒரே நூலகம்தான், ஆனால் நான்கு விதமான தண்ணீர். எல்லாவற்றையும் ஒரே பெரிய மெஷினில் போட்டு வருஷம் முழுக்க ஓடவிட்டால் வேலை நடக்கும். பில் கட்ட முடியாமல் இரண்டாவது வருஷம் சைட் மூடப்படும். காப்பாற்றின புத்தகம் மறுபடி தொலைவது அப்படித்தான்.

மெஷினே எடுக்காமல் முடிந்த வேலையும் நம்மிடம் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமை நூல்களின் ஸ்கேன்களைக் கொடுத்தபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் தமிழ் விக்கிமூலத்துக்கு வந்தன. அவற்றை எழுத்தாக்க த. சீனிவாசன் ஒரு பைத்தான் நிரல் எழுதினார். அது பக்கம் பக்கமாக கூகுள் டிரைவுக்கு அனுப்பி, அதன் ஓசிஆர் கொடுக்கும் எழுத்தை வாங்கி, விக்கிமூலத்தில் போடும். கணக்குப் போடும் பாரம் கூகுளுக்கு, பிழை திருத்தும் பாரம் தன்னார்வலர்களுக்கு. வேலை மெதுவாக நடந்தாலும் பரவாயில்லை என்று தெரிந்ததால் வந்த முடிவு அது.

லிஸ்ட்டைத் திறப்பதற்கு முன்னால்

ஒரு வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதுங்க. இந்த வேலை நாளில் எப்போது ஏறும், எப்போது இறங்கும்? நடுவில் நின்றால் என்ன நஷ்டம்? திணறப்போவது சிபியுவா, ரேமா, டிஸ்க்கா? முடிந்ததும் யார் மெஷினை அணைக்கப்போவது? கடைசிக் கேள்விக்கு ஒரு ஆள் பேர் எழுதுங்க, இல்லையென்றால் தானே அணைய ஏற்பாடு செய்யுங்க. இடத்தையும் பாருங்க. 2015-ல் மைக்ரோசாஃப்ட்டின் அஷூர் சென்னையில் டேட்டா சென்டர் திறந்தது, 2016-ல் அமேசான் மும்பைக்கு வந்தது. அதற்கு முன்னால் அமேசானுக்கு நமக்குப் பக்கம் சிங்கப்பூர்தான். பக்கத்தில் இருப்பது வேகம், ஆனால் ஒரே ஊரில் எல்லாப் பிரதியையும் வைக்காதீங்க. 2018 நவம்பரில் கஜா புயல் எங்க மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் மெஷின் இருந்த இடத்துக்கு ஆள் போகணும், வரிசையில் நிற்கணும். எந்த வேலை முதலில், எது அப்புறம் என்று வேறு யாரோ முடிவு செய்தார்கள். இப்போது அந்த முடிவு அறந்தாங்கியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் பொண்ணு கையில் இருக்கு, பில்லும் அவங்க பேருக்குத்தான் வரும். அதனால் மெஷினைப் பார்க்கும் முன்னால் வேலையைப் பாருங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். கேள்வி இருந்தால் அனுப்புங்க.