உள்ளவாறு உரைக்கும் ஒரு சொல்

ஆங்கில நூல்களையும் நாளிதழ்களையும் படிப்போர், பிறர் கூற்றை எடுத்துக்காட்டும் இடங்களிலே, சதுர அடைப்புக்குறிக்குள் ‘சிக்’ என்னும் சிறுசொல் ஒன்று நிற்பதைக் கண்டிருப்பர். அஃது ஏதோ ஒரு நீண்ட தொடரின் முதலெழுத்துக்களைச் சேர்த்தமைத்த குறுக்கம் என்று எண்ணுவோர் உளர். ‘பிழை’ என்பதே அதன் பொருளெனக் கொள்வோரும் உளர். இரண்டும் பொருந்தா. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வழங்கிவரும் இலத்தீன் வினையடை அது. ‘இவ்வாறு’, ‘இப்படியே’ என்பன அதன் பொருள். இச்சிறுசொல்லின் வரலாற்றை ஆராய்வோமாயின், பிறர் மொழியைக் கையாள்வோர்க்குரிய கடமை யாது என்பதும் அதனுள் அடங்கியிருத்தலைக் காணலாம்.

முதலிலே சொல்லின் பிறப்பை நோக்குவோம். இலத்தீனில் அதன் உயிரொலி நெடில். பண்டை உரோமர் அதனைச் ‘சீக்’ என்றே ஒலித்தனர். ஈற்றில் நிற்கும் ககர ஒலி, ‘கே’ என்னும் பழைய சுட்டிடைச் சொல்லின் எச்சமாகும். ‘இவன்’ எனப் பொருள்படும் ‘ஹிக்’, ‘இப்பொழுது’ எனப் பொருள்படும் ‘நுங்க்’, ‘அப்பொழுது’ எனப் பொருள்படும் ‘துங்க்’ ஆகிய சொற்களின் ஈற்றிலும் அச்சுட்டே நிற்கின்றது. தமிழிலே ‘இவன்’, ‘இங்கு’, ‘இவ்வாறு’ என்னுஞ் சொற்களில் சுட்டு முதலில் நிற்கும். இலத்தீனிலோ இறுதியில் நிற்கின்றது. ஆகவே, ஒன்றை விரலாற் காட்டி, ‘இதோ, இப்படி’ என்று உரைத்தலே அச்சொல்லின் இயல்பு.

இவ்வியல்பு நன்கு விளங்கும் ஒரு சடங்கு கத்தோலிக்க திருச்சபையில் நெடுங்காலம் நிலவியது. புதிய பாப்பரசர் முடிசூடச் செல்லும்பொழுது, அவர் முன்னே ஒரு கோலின் நுனியிற் சிறிது நார்ப்பஞ்சைக் கொளுத்துவர். அது நொடிப்பொழுதில் எரிந்து அவியும். அவ்வேளையில், இவ்வுலக மகிமை இவ்வாறு கழிகின்றது என்னும் பொருளுடைய இலத்தீன் தொடரை மும்முறை கூறுவர். அத்தொடரின் முதற்சொல் ‘சிக்’. எரிந்தவியும் பஞ்சைச் சுட்டிக் காட்டுவது அச்சொல்லே. 1963-ஆம் ஆண்டில் ஆறாம் சின்னப்பர் முடிசூடியதே இறுதியான முடிசூட்டு விழாவாகும். அவருக்குப் பின்வந்த பாப்பரசர்கள் முடிசூட்டை மேற்கொண்டிலர்.

இனி, ‘இவ்வாறு’ என்ற சொல் ‘ஆம்’ என்ற பொருளைப் பெற்ற வரலாற்றைப் பார்ப்போம். பழைய இலத்தீனில் ‘ஆம்’ என்பதற்கென்று தனியே ஒரு சொல் இல்லை. ‘வந்தாயா?’ என வினவினால் ‘வந்தேன்’ என வினையையே திருப்பிக் கூறுவர். தமிழரும் பெரும்பாலும் அவ்வாறே விடை கூறுதல் நாம் அறிந்தது. அன்றியும், ‘அப்படியே’ என்று பொருள்படும் சொற்களாலும் உரோமர் உடன்பாடு தெரிவித்தனர். இவ்வகையில் வழங்கிய ‘சிக்’ நாளடைவில் ஈற்றுமெய் கெட்டு இத்தாலியத்திலும் இசுப்பானியத்திலும் ‘சீ’ என நின்றது. போர்த்துக்கேய மொழியில் மூக்கொலி பெற்றுச் ‘சிம்’ என வழங்குகின்றது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, இத்தாலியப் பெருங்கவிஞர் தாந்தே நாட்டுமொழிகளைப் பற்றி இலத்தீனில் ஒரு நூல் எழுதத் தொடங்கினார். ‘ஆம்’ என்பதற்கு வழங்கும் ‘ஓக்’, ‘ஓயில்’, ‘சீ’ என்னும் மூன்று சொற்களைக் கொண்டே அம்மொழிகளை அவர் அதன்கண் வகைப்படுத்தினார். தென்பிரான்சில் ‘லாங்குதோக்’ என்னும் நாட்டுப்பகுதி அந்த ‘ஓக்’ என்னுஞ் சொல்லாலேயே பெயர்பெற்றது.

தாந்தேயின் காலத்துக்கு முன்னரே இச்சொல் ஒரு புகழ்பெற்ற நூலின் தலைப்பில் இடம்பெற்றது. பாரிசில் ஆசிரியராக விளங்கிய பீற்றர் அபெலார்டு, பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ‘சிக் எத் நோன்’, அதாவது ‘ஆம், அன்று’ என்னும் நூலைத் தொகுத்தார். சமயம் பற்றிய 158 வினாக்களை நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் திருச்சபைத் தந்தையர் கூறிய ஒன்றுக்கொன்று முரணான கூற்றுக்களை அருகருகே அடுக்கினார். தீர்ப்பு யாதும் கூறாது விட்டார். முன்னோர் பெருமையைக் குலைப்பது அவர் நோக்கமன்று. ஐயுற்று ஆராய்வோரே உண்மையைத் தலைப்படுவர் என்பது அவர் கருத்து. அந்நூலின் முன்னுரையில் அவர் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். பெரியோர் கூற்றிலே முரண் காணப்படின், உடனே அவர் தவறினார் எனல் ஆகாது. ஏடெழுதியவன் பிழைத்தானோ, பிறர் நூல் அவர் பெயரால் வழங்குகின்றதோ, ஒரு சொல் வெவ்வேறு பொருளில் ஆளப்பட்டதோ என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும் என்றார்.

இன்று நூல்களிற் காணும் ‘சிக்’ என்ற குறியும் இவ்வகை ஐயத்துக்கே விடை கூறுகின்றது. மேற்கோளில் ஒரு வழுவோ புதுமையோ காணப்படின், பிழைத்தவர் மூல ஆசிரியரா, எடுத்தெழுதியவரா, அச்சுக்கோத்தவரா என்று படிப்பவர் மயங்குவர். ‘மூலத்தில் உள்ளது இவ்வாறே, நான் மாற்றவில்லை’ என்று பதிப்பாசிரியர் அளிக்கும் உறுதிமொழியே அச்சொல். சதுர அடைப்புக்குறி, அது மூல ஆசிரியர் சொல் அன்று, இடைப்புகுந்தவர் சொல் என்பதை உணர்த்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டு தொட்டு ஆங்கில எழுத்தில் இம்முறை பெருகிற்று.

இக்குறியை இடுதற்கு வரலாற்றறிவும் வேண்டும். 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பில், கையொப்பப் பகுதியிலே, பென்சில்வேனியா என்னும் மாநிலப் பெயர், இன்று இரட்டித்து எழுதும் ‘என்’ எழுத்து ஒற்றையாக வர எழுதப்பட்டுள்ளது. பிலடெல்பியா நகரிலுள்ள சுதந்திர மணியிலும் அவ்வடிவமே பொறிக்கப்பட்டிருக்கின்றது. அக்காலத்தில் அவ்வடிவமும் ஏற்கப்பட்டதே. அதனருகே ‘சிக்’ என்று குறித்துப் பிழையெனக் காட்ட முற்படுபவர், தம் காலத்து வழக்கை முன்னோர்மீது ஏற்றியவராவர்.

இலத்தீன் சொல்லை ஆளாதபோதும், அதன் பின்னுள்ள நெறியைத் தமிழ்ப் பதிப்பாசிரியரும் அறிந்திருந்தனர். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887-இல் கலித்தொகையை அச்சேற்றியபோதும், உ. வே. சாமிநாதையர் அதே ஆண்டில் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோதும், செல்லரித்த ஏடுகளோடும் ஒன்றோடொன்று ஒவ்வாத பாடங்களோடும் போராட வேண்டியிருந்தது. 1894-இல் சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றிலே, ஏடு சிதைந்து சொற்கள் மறைந்த இடங்களை அவர் தம் புலமையால் நிரப்பவில்லை, புள்ளியிட்டு விட்டார். யாப்பறிந்த அவர்க்குச் சில சீர்களைப் புனைந்து சேர்த்தல் அரிதன்று. அவ்வாறு செய்திருப்பின், எது சங்கப் புலவர் வாக்கு, எது பதிப்பாசிரியர் வாக்கு என்பதை இன்று நாம் பிரித்தறிய முடியாது.

இச்சொல் இன்று தவறாகக் கையாளப்படுவதும் உண்டு. மாற்றுக் கருத்துடையாரின் எழுத்துப்பிழை ஒவ்வொன்றின் அருகிலும் அதனைப் பொறித்து அவரை எள்ளுவோர் உளர். வெளிப்படையான அச்சுப்பிழையாயின் ஓசையின்றித் திருத்திவிடலே பண்பு எனப் பல பதிப்பாளர் கொள்வர். மறுபுறத்தே, கல்லாத ஒருவரின் வாக்குமூலத்தை அழகுபடுத்துகின்றோம் என்று அதன் சொற்களை மாற்றிவிடுவோரும் உளர். அதனால், அவர் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாகவே பின்வருவோர் நம்புவர். முன்னையது சொன்னவரின் மதிப்பைக் கெடுக்கின்றது. பின்னையது சொல்லப்பட்டதையே கெடுக்கின்றது.

ஆதலின், பிறர் வாய்மொழியை ஏட்டிலோ இதழிலோ வானொலியிலோ எடுத்துரைப்போர், ‘சிக்’ என்ற குறியை இட்டாலும் இடாவிட்டாலும், அதன் பழம்பொருளை மறவாதிருத்தல் நன்று. கேட்டதைக் கேட்டவாறும் கண்டதைக் கண்டவாறும் காட்டிய பின்னர், தம் கருத்தைத் தம் பெயரால் தனியே கூறுதற்கு எவர்க்கும் தடையில்லை.