வெத்தலைக் கொடியும் ஒரு ராத்திரித் தண்ணியும்

போன வாரம் சென்னையில இருக்கிற என் தங்கச்சி மகள் போன் பண்ணினாள். "மாமா, மாடியில தொட்டி வச்சு வெத்தலை வளக்கலாம்னு இருக்கேன். தினமும் தண்ணி ஊத்தணுமாமே?"ன்னு கேட்டாள். "ஊத்துறது இருக்கட்டும்மா, ஊத்தின தண்ணி எங்க போகும்னு முதல்ல பாரு"ன்னேன். அவளுக்குப் புரியல. விளக்கிச் சொல்ல ஆரம்பிச்சது கொஞ்சம் நீண்டு போச்சு. அதையே இங்க எழுதிட்டேன்.

வெத்தலை, மிளகுக்குச் சொந்தக்காரக் கொடி. ரெண்டும் ஒரே குடும்பம். தென்கிழக்கு ஆசியாவுல மலேயா பக்கத்து ஈரக்காடுதான் வெத்தலைக்குப் பூர்வீகம்னு செடி ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. பெரிய மரத்து நிழல், எந்நேரமும் ஈரக்காத்து, மக்கின இலை மண்ணு, இதுல வளர்ந்த கொடி அது. நம்ம மதுரைச் சீமையோ வெயில் கொளுத்துற ஊர். இங்க அது எப்படிப் பிழைச்சது? நம்ம முன்னோர் அதுக்காக வயலுக்குள்ள ஒரு சின்னக் காட்டையே உண்டாக்கினாங்க. அதுக்குப் பேருதான் கொடிக்கால்.

வெத்தலை நமக்கு நேத்து வந்த பழக்கம் இல்ல. சிலப்பதிகாரத்துல, மதுரையில ஆயர் வீட்டுல கண்ணகி தன் கையால சமைச்சுப் போட்டு, கோவலன் சாப்பிட்டு முடிச்சதும் வெற்றிலை பாக்கு குடுக்கிறாள். அதுக்கப்புறம்தான் அவன் சிலம்பை விக்கக் கிளம்புறான். 14-ஆம் நூற்றாண்டுல மதுரை வரைக்கும் வந்துபோன மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, வெத்தலைக் கொடியைப் பாத்துட்டு, திராட்சை மாதிரி வளக்கிறாங்க, ஆனா இதுல காய் கிடையாது, இலைக்காகத்தான் வளக்கிறாங்கன்னு எழுதி வச்சிருக்கார். பின்னால வந்த போர்ச்சுகீசியர்கள் மலையாளத்து 'வெற்றில'யைத் தங்கள் வாய்க்கு வந்தபடி சொல்லப்போய், அதுவே இங்கிலீஷுல 'பீட்டல்' ஆச்சு.

இனி கொடிக்கால் போடுற விதம். முதல்ல மேட்டுப்பாத்தி. எங்க தோட்டத்துல பாத்தி ரெண்டடி அகலம், பக்கத்துல போற சால் ஒண்ணரை அடி ஆழம். மண்ணை வெட்டி வெட்டி மேட்டுல போடணும். மேட்டுல அகத்தி விதை. அகத்தி ஓரளவு வளர்ந்த பிறகு அது பக்கத்துல நாலஞ்சு கணு உள்ள வெத்தலைக் கொடித்துண்டு. அகத்திதான் கொடிக்குக் கால், அதுவே குடை. கொடி ஏற ஏறக் கோரையால அகத்தியோட சேத்துக் கட்டணும். உசரம் போனா வருசத்துக்கு ஒருதரம் கொடியை இறக்கி, அடியில சுருட்டி மண்ணுல பதிச்சுட்டு, நுனியை மறுபடி ஏத்திவிடணும். ரெண்டு மூணு வருசம் ஆனா கொடிக்காலை அழிச்சுட்டு நெல்லோ வாழையோ போட்டு நிலத்தை மாத்தணும்.

இவ்வளவு மண்ணு வேலை எதுக்கு? கொடி தினமும் ஈரம் கேக்கும், ஆனா வேர்ல தண்ணி நின்னா தாங்காது. எங்க வைகைக் கரைப் பக்கம் 1895-ல முல்லைப் பெரியாறு அணைத் தண்ணி வந்த பிறகு, சுத்தியும் நெல்லு வயல் பெருகிச்சு. நெல்லுக்கு நிக்கிற தண்ணி தேவை. பக்கத்துலயே இருக்கிற வெத்தலைக்கு அது எமன். அதனால சாலும் வடிகாலும்தான் கொடிக்காலோட உயிர். தண்ணி தேங்கினா வாடல் நோய் வரும். அடித்தண்டு கருத்து அழுகி, பச்சையா நின்ன கொடி அப்படியே தொங்கிப்போகும்.

இந்த நோய்க்கு அப்பா வேர்ப்பக்கம் போர்டோ கலவை ஊத்துவார். மயில்துத்தம், சுண்ணாம்பு, தண்ணி, அவ்வளவுதான். அது பிரான்சு தேசத்துச் சரக்கு. போர்டோ பக்கம் ரோட்டோரத் திராட்சையைத் திருடாம இருக்க இந்த நீலக் கலவையைத் தெளிச்சாங்க. தெளிச்ச கொடியில மட்டும் நோய் இல்லைன்னு மில்லர்டேங்கிற பேராசிரியர் கவனிச்சு, 1885-ல வெளியில சொன்னார். திருடனுக்குப் பயந்து தெளிச்சது வெத்தலை வரைக்கும் வந்து சேந்திருக்கு.

ஆனா எந்த மருந்தும் வடிகாலுக்கு ஈடு இல்ல. இது நான் பட்டுத் தெரிஞ்சது.

எனக்கு அப்ப 22 வயசு. ஐப்பசி அடைமழை. அப்பாவுக்குக் காய்ச்சல். "சாயங்காலம் போய் வடிகாலை வெட்டி விட்டுருடா"ன்னார். சரின்னுட்டு, சேக்காளிகளோட டவுனுக்குப் படம் பாக்கப் போயிட்டேன். ராத்திரி பூரா பேஞ்சுது. விடியக்காலம் ஓடிப் பாத்தா சாலு தெரியல, மேடு தெரியல, அகத்தி மட்டும் தண்ணிக்குள்ள நிக்குது. வெட்டி விட்டேன், வடிஞ்சுது. பத்து நாள்ல கொடி ஒண்ணொண்ணா வாடிச்சு. அப்பா ஒரு வார்த்தை திட்டல. தை பிறக்கவும் அகத்தியை வெட்டி ஆட்டுக்குப் போட்டுட்டு, அடுத்த தண்ணிக்கு நெல்லு நட்டார். அதுக்கப்புறம் எங்க வீட்டுல கொடிக்கால் போடல. ஆளும் கிடைக்கல, கூலியும் கட்டலன்னு நான் வெளியில சொல்லிக்குவேன். அது பாதி உண்மைதான்.

2023-ல எங்க சோழவந்தான் வெத்தலைக்கும் ஆத்தூர் வெத்தலைக்கும் புவிசார் குறியீடு குடுத்தாங்க. 2025-ல கும்பகோணம் வெத்தலைக்கும் கிடைச்சது. சந்தோசம்தான். அந்தச் சேதியை அம்மாகிட்ட சொன்னேன். கடை வெத்தலையில காம்பைக் கிள்ளிக்கிட்டே, "நம்ம கொடிக்கால் இலை வாயில கரையும்"னு மட்டும் சொல்லுச்சு.

அந்த வாரமே வீட்டுக்குப் பின்னால ரெண்டு கிணத்து உறையைச் செங்கல் மேல தூக்கி வச்சேன். அடியில ஓட்டாஞ்சில்லு, மேல செம்மண், மணல், மக்கின சாணி. தேங்காநார்க் கயிறு சுத்தின மூங்கில் ஒண்ணு நட்டேன். வெத்தலை கணுவுல வேர் விட்டுப் பிடிச்சு ஏறும், அதனால நார் நல்லா ஒத்துவருது. முருங்கை நிழல் இருக்கு. இப்ப கவுளிக் கணக்குல இல்லாட்டியும் அம்மாவுக்கு நாளைக்கு நாலு இலை தேறுது.

தங்கச்சி மகளுக்குச் சொன்னது இதுதான்: தொட்டியைத் தரையில வைக்காத, தூக்கி வை. அடியில ஓட்டை போடு. மத்தியான வெயில் படாம பாத்துக்க. தண்ணி கொஞ்சமா, அடிக்கடி ஊத்து. அதுவும் ஒரு மேட்டுப்பாத்திதான்.

மழை பெய்யிற ராத்திரி இப்பவும் எந்திரிச்சு டார்ச் அடிச்சு, உறைக்கு அடியில தண்ணி வடியுதான்னு பாத்துட்டுத்தான் படுக்கிறேன். அம்மா முழிச்சுத்தான் கிடக்கும். ஒண்ணும் கேக்காது.

உங்க ஊர்ல கொடிக்கால் இருந்துச்சா? வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. என்ன கொடி, எங்கேருந்து தண்ணி வந்துச்சு, எப்ப விட்டாங்கன்னு கேட்டு எழுதி வைங்க.