குழாய் எரிவாயு இல்லாத வீடுகளில் வெந்நீர்: எந்தச் சாதனம் ஏற்றது?

ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதைவிடக் குளிப்பதற்கான வெந்நீரே முதன்மைத் தேவை. குழாய் எரிவாயு இணைப்பு எட்டாத வீடுகளுக்கு மூன்று வழிகள் உள்ளன.

மின்சார கீசர்: 15 லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை 25 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ அரை யூனிட் மின்சாரம் செலவாகும். சிறு குடும்பங்களுக்கு ஏற்றது.

சூரிய சக்தி வாட்டர் ஹீட்டர்: தொடக்கச் செலவு அதிகம்; எரிபொருள் செலவு இல்லை. நிழல் விழாத மொட்டை மாடி அவசியம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் மேகமூட்டமான நாள்களுக்கு மாற்று ஏற்பாடு வேண்டும்.

சிலிண்டர் கேஸ் கீசர்: விரைவில் வெந்நீர் தரும். ஆனால், காற்றோட்டமற்ற குளியலறையில் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரைப் பறிக்கக்கூடும். எனவே, குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் மட்டுமே இதனைப் பொருத்த வேண்டும்.