ஒரு மில்லி ரத்தம் போன வழி

யானைமலை அடிவாரத்து ஒத்தக்கடையில் பத்து வாரம் முந்திப் பிறந்த குழந்தை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எடை ஒரு கிலோ. 108 வண்டி மேலூர் ரோட்டில் விரைந்து, மதுரைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டது. மூன்றாம் நாள் வயிறு உப்புகிறது; மூச்சு நின்று நின்று வருகிறது; பாதம் சில்லிடுகிறது. ரத்தத்தில் கிருமி பரவியிருக்குமோ என்ற சந்தேகம் எழுகிறது. அதைத்தான் செப்சிஸ் என்கிறார்கள்.

நம் கதை இங்கே தொடங்குகிறது. மருந்து ஏற்றும் முன்பே, தோலைக் கிருமிநாசினியால் துடைத்து ஒரு மில்லி ரத்தம் எடுக்கிறார்கள். அந்தக் குழந்தையின் உடம்பில் மொத்தமே ஏறக்குறைய 90 மில்லிதான். பெரியவர் ஒருவரிடம் 50 மில்லிக்கு மேல் எடுப்பதற்கு அது சமம். அதனால் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது.

அந்த ரத்தம் கல்ச்சர் பாட்டிலுக்குள் போகிறது. உள்ளே கிருமிக்கு ஊட்டமான திரவம். வெளியே உடம்புச் சூடு. கிருமி பெருகினால் கரியமில வாயு வரும். தானியங்கிக் கருவி அதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் பதில் வர ஒன்றிரண்டு நாளாகும். குழந்தை அதுவரை தாங்குமா?

கூடவே எடுத்த சில சொட்டு ரத்தம் வேறு வழியில் போகிறது, தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கைக்கு. கிருமி முற்றினால், உடம்பெங்கும் உண்டாகும் நுண்ணிய உறைகட்டிகளில் தட்டணுக்கள் செலவாகிவிடும். அந்த எண்ணிக்கைக்கு ஒரு மதிப்பெண் உண்டு: ஒன்றரை லட்சமும் அதற்கு மேலும் இருந்தால் பூஜ்யம். ஐம்பதாயிரத்துக்குக் கீழே போனால் 3. இது அமெரிக்க மருத்துவர்கள் ஜேம்ஸ் வின், ரிச்சர்ட் போலின் 2020இல் வெளியிட்ட 'என்-சோஃபா' கணக்கு. வென்டிலேட்டரில் உள்ள குழந்தைக்கு ஆக்சிஜன் எவ்வளவு தேவைப்படுகிறது என்பதற்கு 8 வரை. ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்துகளுக்கும் ஸ்டீராய்டுக்கும் 4 வரை. ஆக மொத்தம் 15. எண் ஏறினால் ஆபத்து ஏறுகிறது.

ஆபத்தை எண்ணால் அளக்கும் இந்தத் தேடல் நம் நாட்டிலும் நடந்தது. 2009இல் வெளியான ஆய்வில் சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனை மருத்துவர்கள், ரத்த அழுத்தம், உடல் சூடு, சிறுநீர் முதலியவற்றைக் கணக்கிடும் 'ஸ்னாப்-2' மதிப்பெண்ணைக் கடுமையான செப்சிஸ் வந்த குழந்தைகளிடம் சோதித்தார்கள். மதிப்பெண் கூடக்கூட மரணமும் கூடியது.

பாட்டில் கிருமியின் பெயரைச் சொல்லும். குழந்தை எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று சொல்லாது. மதிப்பெண் தளர்ச்சியைச் சொல்லும், பெயரைச் சொல்லாது. இரண்டும் வேண்டும். 2011-14இல் தில்லியின் மூன்று மருத்துவமனைகளில் சேர்ந்த 13,530 சிசுக்களை ஆராய்ந்தபோது, பாட்டில்களில் அதிகம் தெரிந்தவை அசினிடோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ.கோலை. அவற்றில் பலவும் பல மருந்துகளுக்கு அடங்காதவை. பெயர் தெரிந்தால் பொருத்தமான மருந்தைத் தேர்ந்தெடுப்பது எளிதாகும்.

ஆனால் ஒருமுறை எழுதிய எண் போதாது. ஆறு மணிக்கு 2 என்றிருந்தது பன்னிரண்டு மணிக்கு 6 ஆகியிருந்தால், பாட்டில் பேசும்வரை காத்திருக்கக் கூடாது. அந்தக் குழந்தை கொடுத்த ஒரு மில்லிக்கு நாம் காட்டவேண்டிய மரியாதை, அடுத்த எண்ணையும் தவறாமல் எழுதுவதுதான்.