கீரைச் சத்தும் ஒரு நொதியின் கதையும்

புதுக்கோட்டை மாவட்டத்தில், பாக் நீரிணையை நோக்கி அமைந்த மீனவர் ஊர் கோட்டைப்பட்டினம். ஒரு முறை அங்குச் சென்றிருந்தபோது பள்ளி மாணவியர் சிலருடன் உரையாடும் வாய்ப்புக் கிடைத்தது. வாரந்தோறும் பள்ளியில் தரப்படும் நீல மாத்திரையைப் பற்றிப் பேச்செழுந்தது. இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் கலந்த மாத்திரை அது. "இரும்பு தெரியும் ஐயா, மற்றது என்ன? யார் கண்டுபிடித்தார்கள்?" என்று கேட்டாள் ஒரு சிறுமி. அன்று சுருங்கச் சொன்ன விடையை இன்று சற்றே விரித்துரைக்கிறேன்.

1928ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைத் தொழிலாளப் பெண்கள் பலர் கருவுற்ற காலத்தில் ஒருவகை இரத்தசோகையால் மடிந்துகொண்டிருந்தனர். வில்ஸ் அம்மையாரின் ஆராய்ச்சி குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திலும், பின்னர்ச் சென்னைக் கோஷா மருத்துவமனையிலும் தொடர்ந்தது. ஈஸ்ட்டிலிருந்து எடுத்த மலிவான சாரம் ஒன்று அந்நோயைத் தீர்ப்பதை 1931இல் அவர் வெளியிட்டார். ஆயினும் அச்சாரத்திலிருந்த பொருள் யாதென்பது அன்று விளங்கவில்லை. பத்தாண்டுகள் கழித்து, 1941இல், அமெரிக்க அறிஞர்கள் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து சிறிதளவே பிரித்தெடுத்த சத்துக்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். இலத்தீன் மொழியில் 'ஃபோலியம்' என்றால் இலை.

கீரையை டன் கணக்கில் அரைத்து எத்தனை நோயாளிகளைக் காப்பாற்ற முடியும்? அதைச் செயற்கையாக ஆக்கும் வழி வேண்டும். அவ்வழியைக் கண்ட குழுவின் தலைவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் 1895இல் பிறந்தவர். வறுமையில் வளர்ந்தவர். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரு முறை தவறி மூன்றாம் முறை தேறியவர். அவருடைய சகோதரர் இருவரைச் சில நாள் இடைவெளியில் 'ஸ்ப்ரூ' என்னும் குடல் நோய் கொண்டுபோயிற்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயிலுங்கால், காந்தியடிகளின் வழியில் கதர் உடுத்தியமையால் ஆசிரியர் ஒருவரின் அதிருப்திக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். தகுதியே கிட்டியது. மனம் தளராது 1923இல் அமெரிக்கா சென்றார். 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். 1945இல் அவர் குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். அவருடைய சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கும் அது மருந்தாயிற்று.

இனி நொதிக்கு வருவோம். வயலில் விளைந்த நெல்லை அப்படியே உண்ண முடியுமா? குத்தி அரிசியாக்க வேண்டும். ஃபோலிக் அமிலமும் அத்தகையதே. டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்னும் நொதி அதனோடு ஹைட்ரஜனைச் சேர்த்து, உடல் பயன்படுத்தும் வடிவாக மாற்றுகிறது. உயிரணு இரண்டாகப் பிரியுமுன் தன் டி.என்.ஏ.யைப் புதிதாகப் படியெடுத்துக்கொள்ள இவ்வடிவம் இன்றியமையாதது. இரத்த அணுக்கள் எலும்பு மச்சையில் ஓயாது பிறப்பவை; ஆதலால் இச்சத்துக் குறைந்தால் முதலில் இரத்தமே வாடுகிறது.

அப்படியானால், கட்டின்றிப் பெருகும் புற்றணுக்களுக்கு இச்சத்தை மறித்தால் என்ன? சுப்பாராவின் குழுவினர் ஃபோலிக் அமிலத்தைப் போன்றே தோன்றும் அமினோப்டெரின் என்னும் பொருளை ஆக்கினர். பாஸ்டன் நகரத்து மருத்துவர் சிட்னி ஃபார்பர் அதை இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். சிலருக்கு நோய் தணிந்ததை 1948 ஜூனில் வெளியிட்டார். அத்தணிவு நிலைக்கவில்லை, எனினும் அதுவரை கைவிடப்பட்டிருந்த நோய்க்கு அதுவே முதல் நம்பிக்கை. அப்பொருள் நொதியைப் பற்றிக்கொண்டு அதன் வேலையைத் தடுக்கிறது என்பது 1958இல்தான் தெளிவாயிற்று. அமினோப்டெரினின் உடன்பிறப்பாகிய மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டு வாதத்திற்கும் வழங்கப்படுகிறது.

அவ்விளக்கத்தைக் கேட்கச் சுப்பாராவ் இல்லை. 1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில், அவர் காலமானார். அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை நம் நாடு வெளியிட்டது 1995இல்.

மாணவ நண்பர்களே, சத்தை ஊட்டுவதும் மருத்துவம். வேண்டுமிடத்தில் அதை மறிப்பதும் மருத்துவம். இரண்டுக்கும் வாயில் ஒரே நொதி. கோட்டைப்பட்டினத்துச் சிறுமியின் உள்ளங்கையில் இருந்த நீல மாத்திரைக்குள், ஆலைப் பெண்களின் துயரும், தேர்வில் இரு முறை தோற்ற ஓர் இளைஞனின் விடாமுயற்சியும் அடங்கியிருந்தன. அடுத்த முறை அம்மாத்திரையை விழுங்கும்போது இதனை நினைவுகூருங்கள்.