கடுதாசியா, ட்ரங்க் காலா?

"ரெண்டு நிமிஷம் போன்ல பேசினா முடிஞ்சுடுமே, எதுக்கு இவ்ளோ நீளமா எழுதுற?"ன்னு ஆபீஸில் அடிக்கடி கேட்பாங்க. நான் எழுதுற கட்சிங்க. இந்தக் கட்சிக்கு வரலாறு உண்டு :-)

இந்தியாவில் முதல் எஸ்.டி.டி. லைன் 1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் நடுவே வந்தது. அதுவரைக்கும் வெளியூருக்குப் பேச ட்ரங்க் கால் புக் பண்ணிட்டுக் காத்திருக்கணும். லைன் கிடைச்சா மூணு நிமிஷக் கணக்கு. கத்திப் பேசினா தெருவுக்கே கேட்கும். 1950-ல் வந்த இன்லண்ட் லெட்டரில் அந்தத் தொல்லை இல்லை. யோசிச்சு எழுதலாம், மடிச்சு ஒட்டிட்டா ரகசியம்.

சரி, எஸ்.டி.டி. பரவி இந்தத் தொல்லையெல்லாம் தீர்ந்த பிறகும் சிலர் கடுதாசியை விடலையே, ஏன்?

கு.அழகிரிசாமியும் கி.ராஜநாராயணனும் கோவில்பட்டி பக்கத்து இடைசெவல்காரங்க, சிநேகிதங்க. அழகிரிசாமி 1970-ல் இறந்துட்டார். அவர் கி.ரா.வுக்கு எழுதின கடிதங்கள் பின்னாடி புத்தகமாவே வந்தது. அத்தனையும் போனில் பேசியிருந்தா? லாக் ஃபைல் இல்லாத ப்ரோக்ராம் மாதிரி, ஒண்ணும் மிஞ்சியிருக்காது.

நானும் அம்மாவும் வாராவாரம் மணிக்கணக்கா பேசுறோம். நாளைக்கு எடுத்துப் படிக்க ஒரு வரி கிடையாது. இந்த வாரம் அம்மாவுக்கு ஒரு கடுதாசி போடணும்.