பண்டித ரமாபாய்: ஐயமும் விசுவாசமும்

பண்டித ரமாபாய் சரஸ்வதி (1858–1922) சமஸ்கிருத அறிஞர். மேற்கிந்தியாவில் பெண்கல்விக்கும் விதவையர் மறுவாழ்வுக்கும் பாடுபட்டவர். ஞானஸ்நானம் பெற்ற பின்னும் கிறித்தவக் கோட்பாடுகளோடு மல்லுக்கட்டி, ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழித்தே உறுதியான விசுவாசத்துக்கு வந்தார். அவர் நிறுவிய முக்தி மிஷன், ஹடப்சர் வழியாகப் புனேயிலிருந்து தவுண்டுக்குச் செல்லும் ரயில் பாதையில், கேட்காவ் என்னும் ஊரில் உள்ளது.

தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே ஊர் ஊராகச் சென்று புராணம் வாசித்துப் பிழைத்தவர். 1870களின் பஞ்சத்தில் கைப்பொருள் எல்லாம் விரதத்துக்கும் தானத்துக்கும் போயிற்று. பெற்றோரும் தமக்கையும் இறந்தனர். ரமாபாயின் முதல் ஐயம் பட்டினியில் பிறந்தது எனலாம். 1878-இல் கல்கத்தாப் பண்டிதர்கள் பட்டமளித்துப் பாராட்டிய காலத்தில், தர்ம சாஸ்திரங்கள் பெண்களைப் பற்றிச் சொல்வதைப் படித்தது மிச்சமிருந்த பற்றையும் கரைத்தது. மணமாகிச் சில்சாரில் வாழ்ந்தபோது கணவரின் நூல்களிடையே வங்கமொழி லூக்கா சுவிசேஷம் கிடைத்தது. கணவர் 1882-இல் மறைய, புனே திரும்பி ஆரிய மகிளா சமாஜத்தைத் தொடங்கினார்.

1883-இல் இங்கிலாந்து சென்றார். கிறித்தவரான சித்பாவனப் பண்டிதர் நெகேமியா கோரேயின் வாதங்கள் அவரை இணங்கவைத்தன. அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று, வான்டேஜில் மகள் மனோரமாவுடன் ஞானஸ்நானம் பெற்றார். சிக்கல் அதன் பிறகே முற்றியது. திரித்துவம், கிறிஸ்துவின் தெய்வத்தன்மை, அத்தனாசியு விசுவாசப் பிரமாணம் ஆகியவற்றை அப்படியே ஏற்க மறுத்தார். புரோகிதர் பிடியிலிருந்து தப்பி வந்தவர் பிஷப்மாரின் பிடிக்குள் போவானேன் என்பது அவர் கட்சி. சிலுவையில் லத்தீன் எழுத்து எதற்கு, சமஸ்கிருதம் அதைவிட எதில் தாழ்ந்தது என்றும் கேட்டார். ஞானத்தாயான கன்னியாஸ்திரி ஜெரால்டின் இதை அகந்தையாகக் கண்டார். ஆனால் ரமாபாய் அவருக்கு எழுதிய கடிதங்களில் தெரிவது அகந்தையன்று, படித்துப் பார்க்காமல் எதையும் ஒப்பாத பண்டிதப் பழக்கம்.

திருப்பம் 1891 வாக்கில், புனேயில் சாரதா சதன் விதவையர் பள்ளியை நடத்தும்போது வந்தது. ஆங்கிலிக்கப் போதகர் வில்லியம் ஹாஸ்லமின் தன்வரலாற்றைப் படித்தார். பல ஆண்டுகள் குருவாக இருந்துவிட்டு, தம் பிரசங்க மேடையிலேயே 1851-இல் மனந்திரும்பியவர் ஹாஸ்லம். தமக்குக் கிடைத்தது கிறிஸ்துவின் மதம்தான், கிறிஸ்து அல்லர் என்று ரமாபாய் உணர்ந்தார். 1907-இல் எழுதிய சாட்சியத்தில் அவரே இதைச் சொல்கிறார். ஆகவே, 1883-ஐ மட்டும் அவருடைய மனமாற்றத்தின் ஆண்டாகக் குறிப்பது பாதி உண்மையே.

இந்த உறுதிக்கு விலையும் இருந்தது. அவருடைய ஜெபத்தில் மாணவியர் சேர்வதை அவர் தடுக்கவில்லை; அதற்காக 'கேசரி' இதழ் அவரைத் தாக்கியது, சீர்திருத்தவாதிகளான ரானடேயும் பண்டார்கரும் 1893-இல் பள்ளியின் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். அடுத்த பஞ்சத்தில், 1897 வாக்கில், மத்திய மாகாணத்திலிருந்து நூற்றுக்கணக்கான பெண்களை மீட்டுக் கேட்காவ் தோட்டத்தில் குடியமர்த்தினார். 1905-இல் அங்கு ஆன்மிக எழுப்புதல் உண்டாயிற்று.

கேள்வி கேட்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. வழக்கிலிருந்த மராத்தி வேதாகமத்தில் வேதாந்தச் சொற்கள் மிகுந்திருப்பதாகக் கருதி, எபிரேயமும் கிரேக்கமும் கற்று, கிராமப் பெண்களுக்கு விளங்கும் மராத்தியில் முழு வேதாகமத்தையும் பெயர்த்தார். 1922 ஏப்ரல் 5 அன்று கேட்காவில் அவர் காலமான பின் அது நூலாக வெளிவந்தது.